பூட்டிய வீட்டுக்குள் ஒரு டிவி

பிரான்சின் தென்மேற்கில் தோர்தோன் என்று ஒரு மாவட்டம். அங்கே வீடு வாங்கிப் போட்டிருக்கும் ஆங்கிலேயர்கள் ரொம்ப அதிகம். 'தோர்தோன்ஷயர்' என்று அவர்களே கேலியாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு! பழைய கல் வீடாகப் பார்த்து வாங்கி, கூரையைச் சரி செய்து, வருடத்தில் ஆறு வாரமோ எட்டு வாரமோ தங்கிவிட்டு வருவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான்.

அப்படி ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருடம் 2021. ஊரில் இருக்கும் வீட்டுக்கு டிவி லைசென்ஸ் 159 பவுண்டு கட்டியாகிவிட்டது. வருடக் கடைசியில் பிரெஞ்சு வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். வீட்டு வரி இவ்வளவு, அதோடு டிவிக்கு 138 யூரோ. "எட்டு வாரத்துக்கு முழு வருடப் பணமா? அதுவும் நமக்கு பிரெஞ்சே சரியாகப் புரியாது, பார்ப்பதெல்லாம் டிவிடிதானே?" என்று அந்த அம்மாவுக்குக் கோபம் வருகிறது. கோபம் நியாயமானதுதானா?

(டிவிக்கு லைசென்ஸா என்று சிரிக்க வேண்டாம். நம் தாத்தாக்கள் ரேடியோவுக்கே தபால் ஆபீஸில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டியவர்கள்தான். அதுவும் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன பழக்கம். 1980-களில்தான் ஒழிந்தது.)

பிரான்சில் இந்த வசூல் 1933-இல் ரேடியோவுக்காக ஆரம்பித்தது. 1949-இல் டிவியும் சேர்ந்தது. 2005 முதல் வீட்டு வரியோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு பிரான்சிலேயே குடியிருப்பவருக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரே கட்டணம்; மலைப்பக்கம் இன்னொரு வீடு இருந்தாலும் அதற்குத் தனியாகக் கிடையாது. ஆனால் முதல் வீடு இங்கிலாந்தில் என்றால்? அங்கே கட்டியது இங்கே கணக்கில் வராது. முழுசாகக் கட்ட வேண்டியதுதான். டிவி இல்லை என்றால் இல்லை என்று நாமாகத் தெரிவிக்க வேண்டும். சும்மா இருந்தால் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். பொய் சொல்லி மாட்டினால் 150 யூரோ அபராதம். டிவிடி மட்டும்தான் பார்க்கிறேன் என்ற வாதமும் எடுபடாது. பெட்டி இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

பி.காம். படிக்கிறவர்களுக்குக் கட்டணத்துக்கும் வரிக்கும் உள்ள வித்தியாசம் மனப்பாடமாக இருக்கும். கட்டணம் என்றால் கைமாறாக ஏதாவது கிடைக்க வேண்டும். வரிக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்த அம்மா இதைக் கட்டணம் என்று நினைத்துக் கோபப்படுகிறார். அரசாங்கம் இதை வரி மாதிரி வசூலிக்கிறது. சண்டையே இதனால்தான்.

'எட்டு வாரத்துக்கு எட்டு வாரப் பணம்' என்ற வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிவி சேனல் நடத்தும் செலவு கிட்டத்தட்ட முழுவதும் நிலையான செலவு. இன்னொரு வீட்டில் ஒருவர் கூடுதலாகப் பார்ப்பதால் ஒரு பைசாகூட ஏறாது. அப்புறம் வாரக் கணக்கு எதை வைத்துப் போடுவது? ஆனால் அதே கத்தி மறுபக்கமும் வெட்டும். அவர்கள் வந்து தங்குவதால் செலவே ஏறவில்லை என்றால், அவர்களிடம் எதற்கு முழுப் பணம்?

இந்தக் கேள்வி ஜெர்மனியில் அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போனது. அங்கே 2013 முதல் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். இரண்டு வீடு வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். ஒரு ஆள் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தானே பார்க்க முடியும், அந்தப் பலனுக்கு ஒரு தடவை வாங்கியாகிவிட்டது, மறுபடி வாங்காதே என்று 2018 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அருமையான தீர்ப்பு. ஆனால் முதல் வீடும் ஜெர்மனியில் இருந்தால்தான் இந்த விலக்கு! லண்டன்காரருக்குக் கிடையாது. ஒரு ஜோடிக் கண்தான் என்ற நியாயம் எல்லைக்கோடு வரைதான் செல்லும் போலிருக்கிறது. வருமான வரி என்றால் இரட்டை வரியைத் தவிர்க்க நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம் இருக்கிறது. டிவி கட்டணத்தை அதில் யாரும் சேர்க்கவில்லை.

பிரான்சில் 2022 ஆகஸ்டில் இந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். பதிலாக மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பங்கு சேனல்களுக்குப் போகிறது. அதாவது அந்தத் தம்பதி ஓட்டலில் சாப்பிட்டால் அந்த பில்லில் கொஞ்சம் டிவிக்கும் உண்டு. தங்கும் நாளுக்கு ஏற்ற பணம்! கேட்டது கிடைத்துவிட்டது, வேறு வாசல் வழியாக. (வீட்டு வரி போகவில்லை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 2023-இல் முழுக்க எடுத்தவர்கள், இரண்டாவது வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.)

இதெல்லாம் பணக்காரர்கள் பிரச்சினைதானே என்று தோன்றலாம். அப்படித் தோன்றினால் அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் டோனகல் பக்கம் பார்க்க வேண்டும். அங்கிருந்து பிழைப்புக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போனவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அவர்களுக்கு 'வெளிநாட்டு விடுமுறை வீடு' என்பது பல சமயம் அம்மா வாழ்ந்த வீடு. அயர்லாந்தில் லைசென்ஸ் 160 யூரோ, 2008-லிருந்து அதே தொகை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும், விடுமுறை வீட்டுக்கும்தான். பெட்டி ரிப்பேராகிக் கிடந்தாலும் விலக்கில்லை. எழுபது வயது தாண்டியவர்களுக்கு இலவச லைசென்ஸ் சலுகை இருக்கிறது. அம்மா இருந்தவரை அதில் ஓடியிருக்கும். அம்மா போனதும் சலுகையும் போய்விடும். கிளாஸ்கோவில் ஒன்று கட்டிக்கொண்டிருக்கும் மகன், ஆகஸ்டில் இரண்டு வாரம் வந்து திறக்கும் வீட்டுக்கும் ஒன்று கட்ட வேண்டும்.

தப்பிக்க நேர்மையான வழியும் ஒன்று இருக்கிறது. லேப்டாப்பில் இன்டர்நெட் வழியாகப் பார்ப்பதற்கு அயர்லாந்தில் லைசென்ஸ் தேவையில்லை. அம்மாவின் டிவியை மட்டும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். அந்த மூலையைக் காலி செய்ய மனசு வராதவர்கள் 160 யூரோ கட்டிவிடுகிறார்கள்.