மௌனம் சம்மதம் அல்ல

விமானத்துக்கும் தரைக்கும் இடையே எழுத்துச் செய்திகள் போய்வரும் தரவு வலையமைப்பைச் சோதிப்பது என் வேலை. திருவொற்றியூரில் இதைச் சொன்னால், "ஏர்போர்ட்லயா வேல?" என்பார்கள். இல்லை, ஒரு கணினி அறையில்தான்.

சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் வங்கக்கடலுக்கு மேலான வானத்தின் பெரும்பகுதியும் இருக்கிறது. வி.எச்.எஃப். வானொலி கரையிலிருந்து சுமார் 200 கடல் மைல்வரைதான் எட்டும். அதற்கப்பால் இரைச்சல் மிகுந்த எச்.எஃப். வானொலிதான் ஒரு காலத்தில் துணை. இப்போது செயற்கைக்கோள் வழியே எழுத்தாகவும் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு சி.பி.டி.எல்.சி. என்று பெயர். 'இந்த உயரத்துக்கு ஏறுங்கள்' என்று செய்தி போனால் விமானி மூன்றில் ஒரு பதில் தரலாம். 'வில்கோ' என்றால் செய்கிறேன். 'அனேபிள்' என்றால் இயலாது. 'ஸ்டாண்ட்பை' என்றால் பொறுங்கள். பொறுங்கள் என்று வந்தால் உரையாடல் முடிந்ததாகாது, திறந்தே இருக்கும்.

நாங்கள் அதிகம் சோதிப்பது பதில் வராத நேரங்களைத்தான். இணைப்பை வேண்டுமென்றே அறுப்போம், பதிலைத் தாமதப்படுத்துவோம். குறித்த நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் கட்டுப்பாட்டாளருக்கு எச்சரிக்கை எழ வேண்டும். பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் தேறாது.

1977இல் டெனரீஃப் தீவில், அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி ஒரு கேப்டன் விமானத்தைக் கிளப்பிவிட்டார். அதே ஓடுபாதையில் எதிரே இன்னொரு விமானம் இருந்தது. 583 பேர் இறந்தார்கள்.

அப்படி எண்ணிக்கொள்வதற்கு நம் வீடுகளில் பழமொழியே உண்டு. அக்காவை ராயபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தபோது அவள் தலைகுனிந்து நின்றாள். "பொண்ணு ஒண்ணும் சொல்லல, புடிச்சிருக்கு" என்றார் பெரியம்மா. அன்றே தட்டு மாற்றிவிட்டார்கள். பி.காம். இரண்டாம் வருடத்தோடு அவள் படிப்பு நின்றது. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

விமானி 'அனேபிள்' என்றால் யாரும் அவர் வளர்ப்பைக் குறை சொல்வதில்லை. கட்டுப்பாட்டாளர் வேறு உயரம் தேடுகிறார்.

போன மாதம் அக்கா மகளுக்கு ஒரு வரன் வந்தது. நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். "அவ ஒண்ணும் சொல்லலியே, பேசி முடிச்சுடலாம்" என்றார் மாமா. "சொல்லலன்னா கேக்கணும்" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

கேட்டோம். "பரீட்ச முடியட்டும் சித்தி, அப்புறம் சொல்றேன்" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அக்காவே போன் செய்து அதைச் சொன்னாள். இன்னும் காத்திருக்கிறோம்.