முதல் அடை

பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் எங்கள் பாட்டி பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்குக் கிளம்புமுன் மண்ணெண்ணெய் விளக்கருகே முழங்கால் போட்டு ஜெபித்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார். பிந்தினால் அன்றைய சம்பளம் போகும். தெரிந்தும் ஜெபமே முதலில்.

நமக்கோ கண் விழித்ததும் கைப்பேசி, புலனம், பிள்ளைகளின் பள்ளி, ஓவர்டைம். மிஞ்சிய நேரம்தான் கர்த்தருக்கு.

1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தை நேற்றிரவு மறுபடி வாசித்தேன். சாறிபாத் விதவையிடம் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். பஞ்ச காலம், பசியோடு மகன். அப்படியிருந்தும் முதல் அடையைத் தீர்க்கதரிசி எலியாவுக்கே சுட்டுக் கொடுத்தாள்! பெற்ற தாய்க்கு அது எவ்வளவு வலித்திருக்கும்?

ஞாயிறு ஷிஃப்டை மறுக்க முடியாத தம்பி தங்கைகளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்றைய முதல் அடையாக, வேலைக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் கர்த்தரோடு பேசிவிட்டுப் போங்கள்.