வருஷத்துக்கு ஒரு வாக்கு

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்கள் நிறைந்த கிராமம் எதற்காவது டிசம்பர் 31-ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு நீங்கள் போக நேர்ந்தால், வாசகர்களே, கதவைத் தட்டிப் பிரயோசனமில்லை. வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பால் குடிக்கும் குழந்தை முதல் பல் போன பாட்டி வரை அத்தனை பேரும் கோயிலில் இருப்பார்கள். (வேதக் கோயில் என்று வெளியார் சொல்வதைத்தான் நாங்கள் வெறுமே கோயில் என்கிறோம்.) பன்னிரண்டு அடிக்கும்போது உள்ளே மணி ஒலிக்கும், வெளியே வாலிபர்கள் வெடி போடுவார்கள். பிறகுதான் எல்லோரும் காத்திருந்த காரியம் நடக்கும். ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையாகப் போய் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் வேதாகமத்தின் வசனம் ஒன்று அச்சிட்டிருக்கும். கையில் வந்தது எதுவோ, அதுதான் அந்த ஆண்டுக்குக் கடவுள் நமக்குக் கொடுத்த வாக்குத்தத்தம்.

அந்த அட்டையைச் சிலர் வேதப் புத்தகத்துக்குள் வைப்பார்கள். சிலர் பணப் பையில் வைப்பார்கள். என் தாயார் அரிசிப் பானைக்கு மேலே சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைப்பாள்.

"கிளி ஜோசியத்துக்கும் இதற்கும் என்ன ஐயா வித்தியாசம்?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். எங்கள் குருமார்களிலேயே சிலர் அப்படிக் கேட்டு முணுமுணுப்பதுண்டு. கல்லூரியில் படித்த புதிதில் நானும் இதே கேள்வியைப் பெரிய தத்துவ ஞானியைப் போல என் தாயாரிடம் கேட்டேன். அவள் புளியை ஆய்ந்துகொண்டே, "கிளி நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்லும். இது யாரு கூட வாராருன்னுதான் சொல்லும். ரெண்டும் ஒண்ணாலே?" என்றாள். சத்துணவுக் கூடத்தில் இருபத்தைந்து வருஷம் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். அளந்து பேசுகிற பழக்கம் உண்டு.

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 31 இரவு எடுத்த அட்டைகளைப் பற்றி. அவற்றைப் பற்றி ஒரு புராணமே பாடலாம்! நான் அப்போது சென்னையில் இருந்தேன். எங்கள் சபையில் தச்சு வேலை செய்யும் ஒருவருக்கு எல்லை விரிவாகும் என்று வந்தது. ஹோட்டல் வைத்திருந்தவருக்குக் களஞ்சியம் நிரம்பும் என்று வந்தது. லாரி ஓட்டும் ஒரு நண்பருக்கு, அவர் போவதையும் வருவதையும் கடவுள் காப்பார் என்னும் வசனம். 2020 மார்ச் 25 முதல் அவர் போகவும் இல்லை, வரவும் இல்லை. "ஆகையினாலே காப்பாற்றப்பட்டேன் என்றுதானே சார் சொல்ல வேண்டும்?" என்று அவரே பிற்பாடு சிரித்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி உயிர்த்தெழுந்த பண்டிகை. கோயில்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. என் நினைவு தெரிந்து அப்படி ஒரு பண்டிகை வந்ததில்லை.

எனக்கு வந்தது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், இருபத்தொன்பதாம் அதிகாரம், பதினோராம் வசனம். கிறிஸ்தவ நண்பர்கள் இதைப் படித்ததும் தலையை ஆட்டுவார்கள். கடவுள் நம்மைக் குறித்து நல்ல எண்ணமே கொண்டிருக்கிறார், நம்முடைய எதிர்காலம் வீண் போகாது என்று ஆறுதல் சொல்லும் வசனம் அது. காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஆட்டோவின் முதுகிலும் அதைக் காணலாம்.

ஜூன் மாதம் நான் வேலை பார்த்த பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியர் டெலிபோனில் கூப்பிட்டு மூன்று நிமிஷம் பேசினார். அவருக்கும் தொண்டை அடைத்தது. மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை, மாதம் பதினோராயிரம் ரூபாய் வீட்டு வாடகை. பத்து மாதம் இப்படிப் போயிற்று. அந்தப் பத்து மாதமும் நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பிரஷர் குக்கர், மிக்ஸி முதலியவற்றோடு ஒரு கையேடு வைத்துக் கொடுப்பார்கள் அல்லவா, யாரும் படிக்காமல் பரண்மேல் போடுவது? அதைத் தமிழாக்கினேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலக்கியத்துக்கு அதைவிடப் பெரிய சேவை நான் செய்ததில்லை என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

கையேடு இல்லாத நாட்களில் நேரம் மிச்சமாக இருந்தது. என் அட்டையில் இருந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று எரேமியாவை எடுத்து உட்கார்ந்தேன். அது ஒரு கடிதத்தின் நடுவே வரும் வரி. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஜனங்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனான். கிறிஸ்துவுக்கு முன் 597-இல் நடந்த சங்கதி. அந்நிய தேசத்தில் தவித்துக் கிடந்த அவர்களுக்கு ஊரிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. கடிதத்தில் முதலில் என்ன இருக்கிறது தெரியுமா? வீடு கட்டிக்கொள்ளுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம் செய்யுங்கள் என்று இருக்கிறது. சிறைப்பிடித்தவனுடைய ஊருக்காக ஜெபம்! அதன் பிறகு, ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு, அதற்கு அடுத்தாற்போல்தான் அந்த ஆறுதல் வசனம் வருகிறது.

எழுபது வருஷம்! கடிதத்தைப் பிரித்து வாசித்த பெரியவர்களில் எத்தனை பேர் உயிரோடு திரும்பியிருப்பார்கள்? இத்தனைக்கும் அதே நாளில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி இருந்தான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் கோயிலில் வைத்துப் பகிரங்கமாகச் சொன்னான். நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால் யாருக்குக் கை தட்டியிருப்போம்? அனனியாவுக்குத்தான். சந்தேகமே வேண்டாம். 2020-லும் அனனியாக்களுக்குப் பஞ்சமில்லை. இத்தனையாம் தேதியோடு நோய் ஒழிந்துவிடும் என்று யூடியூபில் தேதி குறித்தவர்கள், அந்தத் தேதி போனதும் வேறு தேதி குறித்தார்கள்.

அந்தப் புத்தகத்திலே இன்னும் நாலு பக்கம் தள்ளிப் போனால் ஒரு நிலக்கிரயம் வருகிறது. பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்தச் சமயத்தில் அவருடைய தகப்பனாரின் சகோதரர் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். எதிரியின் கைக்குப் போகப்போகிற நிலம். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் இருக்கும் எந்தப் பத்திர எழுத்தரும், "வேண்டாம் ஐயா" என்றுதான் சொல்வார். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பத்திரத்தை நெடுநாள் கெடாதபடி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். மறு வருஷமே நகரம் விழுந்தது. அந்த நிலத்தில் அவர் ஏர் பூட்டியதாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

விசுவாசம் என்னும் பெரிய வார்த்தைக்கு எனக்குப் பிடித்த விளக்கம் அந்தப் பதினேழு சேக்கல்தான்.

2021 ஏப்ரலில் இந்தப் பத்திரிகையில் எனக்கு இடம் கிடைத்தது. ஊரில் என் தாயார் கோயிலுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தாள். சபையிலே நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினார்கள். நன்றி சொன்னேன், அதற்குமேல் பேச நா எழவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய காரியாலயத்தில் என்னோடு போட்டோகிராபராக இருந்தவர் ஒருவர். என்னைவிடக் கெட்டிக்காரர், என்னைவிட நல்ல மனிதர், ஒரே சபை. அவரும் ஜெபம் செய்தார். அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் அவர் காலமானார். வயது நாற்பத்தொன்று. மனைவியும் இரண்டு பையன்களும் இருக்கிறார்கள். எனக்கு உத்தியோகம் கிடைத்ததுதான் கடவுளுடைய உண்மைக்கு அத்தாட்சி என்று நான் மேடை ஏறிச் சொன்னால், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு நான் என்ன சொன்னதாக ஆகும்?

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் "கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். நல்ல எண்ணத்தோடு சொன்னார்கள், வாஸ்தவம். ஆனால் நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, "ஆண்டவரே, எங்கே போனீர்?" என்று முறையிடுகிறவைதாம். எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆரம்பம் முதல் முடிவு வரை புலம்பல். கடைசி வார்த்தை இருள். அதையும் வேதம் என்றே வைத்திருக்கிறோம். அதிலிருந்து வாக்குத்தத்த அட்டை அச்சடித்தவர்களை மட்டும் நான் பார்த்ததில்லை.

அந்த வருஷக் கடைசி இரவில் அந்த அம்மாள் கோயிலுக்கு வந்திருந்தார். தட்டுப் பக்கம் போகவில்லை. சின்னவன் போய்த் தனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று எடுத்து வந்தான். அதைத் திருப்பிப் பாராமலே வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். சில மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னார்: "அவர் என்னைக் கைவிடலைன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரலை தம்பி. ஆனா ஞாயிற்றுக்கிழமை காலையிலே எழுந்தா, கால் தானா கோயிலுக்குத்தான் போகுது. ஏன்னு கேட்டா எனக்கே தெரியலை." என் மனைவி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. அந்த அட்டை இன்னும் கவிழ்ந்தேதான் இருக்கிறதாம்.

வழிநடத்துதல் என்று கிறிஸ்தவர்கள் அடிக்கடி சொல்வோம். ஏதோ முன்னால் ஒருவர் கொடி பிடித்துக்கொண்டு போவது போலவும், நாம் பின்னால் நடப்பது போலவும் அது காதில் விழும். எங்கள் பக்கத்து டோனாவூரில் அநாதைக் குழந்தைகளுக்கு அம்மாவாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேலின் வரலாற்றைப் பாருங்கள். அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர். ஊழியம் செய்ய 1893-இல் ஜப்பானுக்குப் போனார், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. இலங்கைக்குப் போனார்; அதுவும் நிலைக்கவில்லை. ஊர் திரும்பி, 1895-இல் பெங்களூருக்கு வந்தார். பிறகு திருநெல்வேலி. இங்கேயும் கிராமம் கிராமமாகச் சுற்றிக்கொண்டிருந்தவரிடம், 1901-இல் கோயிலுக்கு விடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி வந்து சேர்ந்தாள். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. ஜப்பானுக்குக் கப்பல் ஏறியபோது இந்தச் சிறுமியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அதற்கும் பிறகு, 1931-இல் களக்காட்டில் இருட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, 1951 ஜனவரியில் கண் மூடும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் அறையோடு கிடந்தார். கிடந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். அவர் கல்லறையில் பெயர்ப் பலகை நிறுத்தவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டிதான் இருக்கிறது. முன்னால் கொடி ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் மட்டும் பாதை தெரிகிறது. அதுவும் எல்லோருக்கும் தெரிகிறதா என்றால், அந்த அம்மாளின் முகம் எனக்கு ஞாபகம் வந்து பேனா நின்றுவிடுகிறது.

என் தாயார் இவ்வளவு யோசிக்கிறவள் அல்ல. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவாள். கைப்பிடி அரிசி என்று பெயர். எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் வழக்கம். டப்பா நிறைந்ததும் கோயிலில் படைப்பார்கள். என் தகப்பனார் போன வருஷமும் அவள் அந்தப் பிடியைக் குறைக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பிடியின்மேல் என் கண் இருந்தது! 2020-இல் கோயில் பூட்டிக் கிடந்தபோது டப்பா நிறைந்துவிட்டது. நிறைந்ததைச் செங்கல் சூளையில் ஊர் திரும்ப வழியின்றி மாட்டிக்கொண்ட வட நாட்டுக் குடும்பம் ஒன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "கோயிலுக்கு உள்ளதை எடுத்துக் கொடுத்துட்டியே அம்மா?" என்று டெலிபோனில் வேடிக்கையாகக் கேட்டேன். "கோயிலைத்தான் பூட்டிருக்கு, ஆண்டவரையுமா பூட்டி வச்சிருக்கு? போலே" என்றாள்.

இதை நான் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. போன வாரம் அவளுடைய கழுத்தில் இருக்கும் ஒரு கட்டியில் ஊசி போட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்று டாக்டர் சொன்னார். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வந்திருக்கும். ராத்திரியில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மறைப்பானேன்? அவள் தூங்குகிறாள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நேற்றுக் காலை அவளே பேசினாள். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வியாழக்கிழமை வாரியாய்யா? வரும்போது ரெண்டு தென்னம்பிள்ளை வாங்கிட்டு வா. கெணத்துப் பக்கம் குழி எடுத்து வச்சிருக்கேன்."

"சரிம்மா. குட்டை ரகமாப் பாத்து வாங்கிட்டு வாரேன். மூணு நாலு வருஷத்துல காய்ச்சிரும்."

"குட்டை என்னத்துக்குலே? நெட்டை வாங்கு. ஏழு வருஷமானாலும் நின்னு காய்க்கும்லா."

வள்ளியூரில் ஒரு நர்சரிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நெட்டை ரகம், இரண்டு.