யாருடைய டவுட்?

சற்று நீண்ட பதிவு. வகுப்பெடுப்போரும் வகுப்பில் அமர்ந்திருப்போரும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

இந்திய வகுப்பறைகளில் மிகுதியாக ஒலிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களுள் ‘டவுட்’ ஒன்று. நான் அசாமில் மொழியியல் ஆய்வு செய்துகொண்டே இளநிலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் எடுக்கிறேன். அசாமியம், வங்காளம், போடோ, நேபாளி, இந்தி எனத் தாய்மொழி எதுவாயினும், கை உயரும்போது வருவது ஒரே தொடர்தான்: “மேம், ஒரு டவுட்.” தமிழ்நாட்டில் நான் படித்த பள்ளியிலும் இதே சொல்தான் இருந்தது. கோட்டா நகரத்துப் பயிற்சி மையங்களில் ‘டவுட் கவுண்டர்’ என்றே தனி இடம் உண்டு. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வாங்குவதுபோல் அங்கே வரிசையில் நின்று டவுட்டைத் தீர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பயன்பாடு இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பிறந்தவர்களுக்கு விநோதமாகப் படும். அவர்களிடம் ‘எனக்கு ஒரு டவுட்’ என்றால், ‘நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்றே பெரும்பாலும் பொருள் கொள்வார்கள். ஆகவே ஆங்கிலப் பயிற்சிக் கையேடுகள் பல இதனைப் பிழையெனத் திருத்துகின்றன. எனக்கு அந்தத் திருத்தத்தில் உடன்பாடு இல்லை. ஸ்பானிய மொழியிலும் போர்த்துகீசிய மொழியிலும் ‘டவுட்’டுக்கு இனமான சொல்லே ‘கேட்க ஒரு கேள்வி இருக்கிறது’ என்னும் பொருளில் அன்றாடம் வழங்குகிறது. நம் பயன்பாட்டின் வேர் இன்னும் அருகில் இருக்கிறது. தமிழில் ‘ஒரு சந்தேகம்’ என்றுதானே ஆசிரியரிடம் கேள்வியைத் தொடங்குகிறோம்? ஆங்கிலச் சொல்லின் உறைக்குள் நம் மொழிகளின் பழக்கம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பழக்கம் எல்லாக் கேள்விகளையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல் வினாவை ஆறாகப் பகுத்தது பள்ளிப் பாடத்திலேயே நமக்கு அறிமுகம். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இவற்றுள் ஐயவினா ஒன்றுதான் சந்தேகம். இதுவா அதுவா என்று இரண்டுக்கு நடுவே மனம் ஊசலாடும்போது பிறப்பது அது. ஒன்றுமே தெரியாமல் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. என் வகுப்பில் ‘டவுட்’ என்ற பெயரில் வருபவற்றுள் பெரும்பகுதி அறியாவினாக்கள். சில நேரங்களில் அரிதாக ஒரு மறுப்பும் அதே பெயரில் ஒளிந்து வரும். “மேம், ஒரு சின்ன டவுட்” என்று மெல்லிய குரலில் தொடங்கும் மாணவர் நான் சொன்ன கருத்தின் அடித்தளத்தையே அசைத்துவிட்டு அமர்வார். ‘நீங்கள் சொல்வது பொருந்தவில்லை’ என்று ஆசிரியரிடம் நேரே சொல்ல நம் வகுப்பறைகள் இடம் தருவதில்லை. குறை என்னுடைய புரிதலில்தான் என்று பணிந்து காட்டிய பிறகே கேள்வி உள்ளே நுழைய முடிகிறது. தமிழில் ‘ஐயம்’ என்னும் வடிவத்துக்குப் பிச்சை என்றும் பொருள் உண்டு. வகுப்பில் கை உயர்த்தி நிற்கும் மாணவரைப் பார்க்கும்போது இரண்டு பொருளும் ஒன்றாக நினைவுக்கு வருவதுண்டு.

சொல்லின் வரலாறோ இந்தப் பணிவுக்கு நேர்மாறானது. ‘டவுட்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் லத்தீன் மூலம் ‘இரண்டு’ என்னும் எண்ணோடு உறவுடையது. நாம் உச்சரிக்காமல் எழுதும் ‘பி’ என்னும் எழுத்து, அந்த லத்தீன் உறவை நினைவூட்டப் பின்னாளில் அறிஞர்கள் செருகியது. ஜெர்மன் மொழியில் சந்தேகத்தைக் குறிக்கும் சொல்லிலும் இரண்டு இருக்கிறது, இந்தியின் ‘துவிதா’விலும் இருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘டவுட்’டுக்கு அச்சம் என்ற பொருளும் இருந்தது. இந்தப் பொருள் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இந்திய மெய்யியல் இந்த இரட்டை நிலைக்கு மதிப்பான இடம் தந்தது. நியாய சூத்திரம் தன் முதல் சூத்திரத்தில் அடுக்கும் பதினாறு பொருள்களுள் மூன்றாவது ‘சம்சயம்’. தொலைவில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்பது அதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஐயத்துக்குக் காட்டுவதும் ஏறத்தாழ இதுவே. மீமாம்சையிலும் வேதாந்தத்திலும் ஒரு விவாதம் விஷயம், சம்சயம், பூர்வபட்சம், சித்தாந்தம் என்ற ஒழுங்கில் நகரும். ஐயம் தோன்றினால்தான் அங்கே ஆராய்ச்சியே தொடங்கும். நாம் ‘ஐயந்திரிபற’ என்னும் தொடரை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதில் ஐயம் வேறு, திரிபு வேறு. கட்டையை மனிதன் என்றே முடிவுகட்டுவது திரிபு. கட்டையோ மனிதனோ என்று நிற்பது ஐயம். ஐயம் கொண்டவருக்குத் தனக்குத் தெரியாது என்பது தெரியும். திரிபு கொண்டவருக்கு அது தெரியாது.

இதுவரை சொன்னவை மொழியியல் கருத்தரங்கில் ஒரு கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் நான் வாழும் மாநிலத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு.

1997ஆம் ஆண்டு அசாமில் வாக்காளர் பட்டியல் திருத்தப்பட்டபோது, குடியுரிமையை மெய்ப்பிக்கவில்லை என்று கருதப்பட்டவர்களின் பெயருக்கு எதிரே ‘டி’ என்னும் எழுத்து இடப்பட்டது. டவுட்ஃபுல் என்பதன் முதலெழுத்து அது. அந்த எழுத்து விழுந்தவர் வாக்களிக்க முடியாது. அவருடைய வழக்கு அயல்நாட்டவர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்படும். ‘டி-வோட்டர்’ என்பது இங்கே சந்தைக்கடைகளிலும் பேருந்திலும் வழங்கும் சொல். ஆங்கிலம் அறியாத முதியவருக்கும் அந்த ஓர் எழுத்து தெரியும்.

அடைமொழிகளைப் பற்றிய ஒரு வகுப்பில் இதே சொல்லை எடுத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் ‘டவுட்ஃபுல்’ இருபுறமும் பார்க்கும் சொல். சந்தேகம் கொண்டவரையும் குறிக்கும், சந்தேகத்துக்கு உள்ளானவரையும் குறிக்கும். தமிழில் இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. ‘சந்தேகம் கொண்ட’ என்பதும் ‘சந்தேகத்துக்குரிய’ என்பதும் வெவ்வேறு ஆள்களைச் சுட்டுகின்றன. அதைக் கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் அதிகம் பேசாத மாணவி ஒருவர் கேட்டார். “மேம், ஒரு டவுட். டி-வோட்டர் என்பதில் டவுட் யாருடையது?”

நான் அந்த ஆண்டு கேட்ட மிகச் சிறந்த இலக்கண வினா அது. ஊசலாடியது ஓர் அலுவலரின் மனம். முன்னே உள்ள தாள்களைக் கொண்டு இவர் குடிமகனா அயல்நாட்டவரா என்று முடிவு செய்ய இயலாதது அவருடைய நிலை. ஆனால் அந்தத் தொடரில் அலுவலர் இல்லை. ஐயப்பட்டவர் மறைந்துவிட்டார், ஐயம் ஐயப்படப்பட்டவரின் பண்பாகிவிட்டது. இவர் உயரமானவர், இவர் முதியவர் என்பதுபோல இவர் டவுட்ஃபுல்.

நீதிமன்றத்தில் இதே சொல் நேரெதிராக இயங்குவதையும் அன்று பேசினோம். குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்துக்கு அப்பால் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ஐயம் எஞ்சினால் அதன் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு. குடியுரிமை வழக்கிலோ 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தான் அயல்நாட்டவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமையை அந்த மனிதர் மீதே வைத்தது. அசாமுக்கென 1983இல் வந்த சட்டம் இச்சுமையை அவரிடமிருந்து விலக்கியிருந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதது என்றது. திருட்டு வழக்கில் சிக்கியவருக்குக் கிடைக்கும் ஐயத்தின் பலன், தந்தையின் பெயர் ஒரு பட்டியலில் ஓர் எழுத்து மாறியும் இன்னொன்றில் வயது முரண்பட்டும் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அடிப்படைத் தகவல் ஏதுமின்றி வெறும் சந்தேகத்தை மட்டும் கொண்டு ஒருவரை அழைத்து மெய்ப்பிக்கச் சொல்ல முடியாது என்று தெளிவுபடுத்தியது. என் மாணவியின் கேள்வியோடு சேர்த்தே அத்தீர்ப்பைப் படிக்கிறேன். சந்தேகத்துக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, அவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

இடைக்கால ஆங்கிலத்தின் பழைய பொருள் இங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது. டவுட் என்றால் அச்சம். தகரப்பெட்டியில் பாட்டன் காலத்து நிலப் பத்திரத்தையும் 1971க்கு முந்தைய வாக்காளர் பட்டியலின் நகலையும் நெகிழித்தாளில் சுற்றி, வெள்ளம் வரும்போது முதலில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பங்களுக்கு அப்பொருளை அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் அடுக்கிப் பார்க்கையில் ஒன்று தெரிகிறது. மாணவரின் டவுட் கேட்டுப் பெறுவது, பணிந்து கேட்பது, உடனே ‘கிளியர்’ செய்யப்பட வேண்டியது. அலுவலகத்தின் டவுட் கேள்வியாகக்கூட வருவதில்லை. அது ஓர் எழுத்தாக விழுகிறது, பத்திருபது ஆண்டுகள் கிளியர் ஆகாமலே நிற்கிறது. மேலே உள்ளவர் ஐயப்பட்டால் கீழே உள்ளவர் விடை தர வேண்டும். கீழே உள்ளவர் ஐயப்பட்டால் அது அவருடைய அறியாமை. இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், நம் வகுப்பறைகளை விலக்கிவிட்டு விடை சொல்ல என்னால் இயலவில்லை.

ஆகவே இந்தப் பருவத்தில் ஒரு சிறு முயற்சி செய்துவருகிறேன். ‘டவுட்’ என்று கை உயர்ந்தால், “தெரியாமல் கேட்கிறீர்களா, இரண்டில் எது என்று கேட்கிறீர்களா, என்னை மறுக்கிறீர்களா?” என்று திருப்பிக் கேட்கிறேன். முதல் வாரங்களில் சிரித்தார்கள். இப்போது சிலர் தாமாகவே, “மேம், இது மூன்றாவது வகை” என்று தொடங்குகிறார்கள். குரலும் சற்று உயர்கிறது. அந்த வகைக் கேள்வியை நான் அங்கேயே கிளியர் செய்வதில்லை. கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்து, அடுத்த வகுப்பில் இருவருமாக அதற்குத் திரும்புகிறோம்.

உங்கள் வகுப்புகளில் இந்தச் சொல் எப்படி ஒலிக்கிறது? உங்கள் மொழியில் கேள்விக்கும் ஐயத்துக்கும் மறுப்புக்கும் தனித்தனிச் சொற்கள் இன்னும் புழங்குகின்றனவா? எழுதுங்கள். மூன்றாவது வகையாக இருந்தால் இன்னும் நன்று.