வேங்கடசுப்பையரின் மகன்

வசம்பின் வாடை லேசில் விட்டுப்போகாது. மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடை வாசலில் நின்றால், சுக்கு, திப்பிலி, சாம்பிராணி எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு அது தனியாக வந்து மூக்கில் ஏறும், கசப்பும் காரமும் ஈர மண்ணின் நெடியும் கலந்த அந்த வாடை எனக்கு எப்போதும் இரண்டு இடங்களைக் கூட்டிவரும், ஒன்று, விளக்கெண்ணெய்த் தீபத்தில் வசம்பைச் சுட்டு, அந்தக் கரியைக் குழைத்துப் பச்சைக் குழந்தையின் தொப்புளைச் சுற்றித் தடவும் பாட்டியின் கை, மற்றது நான் கண்ணால் பார்த்தே இராத ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். பாட்டி விளக்கு வைத்த பிறகு அதன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், 'பேர் சொல்லா மருந்து' என்றுதான் கேட்பாள், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் வாங்கப் போகும் பிள்ளையும் அப்படியே கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அது வந்து சேர்ந்தது தாத்தா வழியாக. எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையில் கண்ணுக்குத் தெரிய, மஞ்சளும் வசம்பும் கரியும் சேர்த்துத் தடவுவார்கள், பூச்சியும் அண்டாது என்று அவர் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எனக்குக் கிடைத்தது அப்படித்தான். தாத்தா பண்டிதரல்ல, ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாலும் அவித்த நெல்லின் வாசனை கூடவே வரும். எங்கள் வீடு பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டியிலிருந்து கூப்பிடு தூரம், ஐயர் எழுதும் உத்தமதானபுரமும் அதே சுற்றுவட்டாரம்தான் என்பதால் அந்தப் புத்தகத்தை அவர் ஊர்க்காரர் எழுதிய கடிதம் போலவே வைத்திருந்தார். கோடை விடுமுறையில் முற்றத்து வெயில் நகர்ந்துகொண்டே வரும், அது மூன்றாவது தூணைத் தொட்டால் தாத்தாவுக்குக் காபி, தூணைத் தாண்டி நெல் குதிரின் மேல் ஏறினால் பாட்டி விளக்குத் துடைக்க எழுந்துகொள்வாள், சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதை யாரும் பார்த்ததாக நினைவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார், ஒவ்வொரு வெற்றிலையையும் வேட்டியில் இருபுறமும் துடைத்து, காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பை நடுவிரலால் தடவி மடிப்பதற்குள் நான் நாலு பக்கம் படித்துவிடுவேன். உத்தமதானபுரத்துக்குப் பெயர் வந்த கதையை மட்டும் நான் உரக்கப் படிக்க வேண்டும் என்பார். தஞ்சையை ஆண்ட அரசர் ஒருவர் ஏகாதசி விரதத்தன்று மறந்துபோய்த் தாம்பூலம் போட்டுக்கொண்டார், அதற்குப் பிராயச்சித்தமாக 48 வீடுகள் கட்டி வேதியர்களுக்குத் தானம் செய்தார், அதுவே உத்தமமான தானம் ஆயிற்று. ஒரு சுருள் வெற்றிலையிலிருந்து ஒரு ஊர் முளைத்தது தாத்தாவுக்கு அலுக்கவே அலுக்காத சங்கதி. ஏகாதசியன்று செல்லம் மாடத்தில் ஏறிவிடும், அன்று மாலை முழுக்க அவர் வாய் வெறுமனே எதையோ மென்றுகொண்டிருக்கும்.

அந்த வயதில் எனக்கு வேண்டியிருந்தது புத்தகத்தில் வரும் பையன்தான், மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலைக்கு ஏறி, உபாத்தியாயரின் பிரம்புக்குப் பயந்த பையன். அவன் ஆறும் தோப்பும் என்னுடையவை என்றே நம்பியிருந்தேன். இப்போது, சென்னையில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஏசி இயந்திரத்தின் வெப்பக் காற்று முகத்தில் அடிக்கும் அறையில் அதே புத்தகத்தைப் புதிய பதிப்பில் எடுத்துப் படித்தபோது, முதலில் உறைத்தது எழுதியவரின் வயது. 1855-இல் பிறந்தவர் 1940-இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் இதை எழுதத் தொடங்கினார், எண்பத்தைந்து வயது, மாணவர் கி.வா.ஜகந்நாதன் கூட இருந்து உதவினார். ஊரைப் பற்றிய அத்தியாயத்திலேயே ஐயர் தாம் கண்ட ஊர் இப்போது இல்லை என்று சொல்லிவிடுகிறார், ரோடும் கடையும் ரயில் சத்தமும் இல்லாத அந்த நாளில் ஜனங்களிடம் திருப்தி இருந்தது என்கிறார். நான் சொந்தம் கொண்டாடிய ஊரை அவரே இழந்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

அந்த ஊரிலும் அவர் நிலையாக இருந்தவரில்லை. சூரியமூலையில் தாய்வீட்டில் பிறப்பு, பிறகு அரியலூர், குன்னம், கார்குடி என்று குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டே இருக்கிறது, காரணம் தந்தை வேங்கடசுப்பையரின் பிழைப்பு. உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர் அவர், ஊர் ஊராகப் போய் அருணாசலக் கவிராயரின் ராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி ராமாயணம் சொல்வார், ஊரார் தரும் நெல்லிலும் பணத்திலும் அடுப்பு எரியும். மகனுக்குத் தமிழ் சொல்லித்தர யார் இருக்கிறார்களோ அந்தத் திசைக்கே வீட்டையும் நகர்த்தினார். சிறுவயதில் இந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளினேன், அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்பதுதான் அப்போதைய ஆவல், இப்போது என் வீட்டிலும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு நாள் பார்க்கும் பழக்கம் வந்துவிட்ட பிறகு, கண் அந்த மனிதரை விட்டு நகர மறுக்கிறது, ராமர் பட்டாபிஷேகம் முடிந்த இரவு திண்ணையில் படுத்தபடி அவர் எத்தனை மாதத்துக்கு அரிசி வரும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

மகன் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பதினேழாவது வயதில் மகனைச் சேர்த்தபோதும் அந்த ஆசை விடவில்லை, அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொள் என்றார். எனக்கு மாயவரம் என்றால் அத்தை வீடு, மயிலாடுதுறை என்று போர்டு மாறி எத்தனையோ காலமாகியும் அவள் வாயில் மாயவரம்தான், காலையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே நந்தன் சரித்திரத்திலிருந்து ஏதாவது முணுமுணுப்பாள், பாட்டு எங்கே நின்றாலும் முறம் நிற்காது, உமியின் தூசு வாசல் வெயிலில் மிதக்கும். அவள் முணுமுணுத்ததெல்லாம் பாரதியாருடையது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அந்தப் பாரதியாரே எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை ஐயர் விட்டுவிட்டார், சங்கீதத்தில் மனம் போனால் தமிழ்ப் படிப்புக் குறையும் என்பது மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கருத்து என்று தெரிந்ததும் விட்டார். இதைச் சில வரிகளில் கடந்துபோகிறது புத்தகம். பாட்டாலேயே சோறு போட்ட ஒரு தகப்பனாருக்கு அந்தச் சில வரிகள் எப்படி இருந்திருக்கும் என்று கேட்காமல் இப்போது என்னால் பக்கம் திருப்ப முடியவில்லை.

தமிழுக்கு அதனால் கிடைத்தது கொஞ்சமல்ல, 1887-இல் அவர் ஏட்டுச் சுவடிகளிலிருந்து பதிப்பித்த சீவக சிந்தாமணி, பின்னால் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. கும்பகோணம் கல்லூரியில் தம் இடத்தைத் தந்த தியாகராச செட்டியாரின் பெயரைத் திருவல்லிக்கேணி வீட்டுக்கு வைத்தார், 'தியாகராஜ விலாசம்', பிள்ளையார் கோவில் தெருவில் இருந்த அந்த வீட்டை 2012-இல் இடித்துவிட்டார்கள். உத்தமதானபுரத்து வீடு இப்போது அரசு நினைவு இல்லம். போயிருந்தேன், துப்புரவாக இருக்கிறது, சுவரில் படங்கள் இருக்கின்றன, ஆனால் அந்தப் பக்கத்துத் தெருக்களில் முக்கால்வாசி வீடுகள் திண்ணையை இடித்து இரும்பு கிரில் போட்டுக்கொண்டுவிட்டன, உட்காரக் கூப்பிடும் வீடு ஒன்றும் கண்ணில் படவில்லை. குடமுருட்டியில் மணல் தெரிந்தது.

யுத்த பயத்தில் சென்னை காலியானபோது ஐயரும் திருக்கழுக்குன்றம் போனார், 1942 ஏப்ரல் 28-இல் அங்கேயே காலமானார், சரித்திரம் 122 அத்தியாயத்தோடு நின்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1936-இல், அவர் எழுதிய மூன்று சிறு வரலாறுகளைப் பற்றி இப்போதுதான் யோசிக்கிறேன், கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர், மூவரும் சங்கீதக்காரர்கள், முதல்வர் அப்பாவின் குரு, அடுத்தவர் தாம் விட்டுவந்த ஆசிரியர். எண்பது வயதுக்கு மேல் ஏட்டுச் சுவடிகளைத் தள்ளிவைத்து அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், வேங்கடசுப்பையரின் மகனாகத்தான் உட்கார்ந்தார் என்று எனக்குப் படுகிறது. அந்த மூன்று நூல்களையும் பாண்டி பஜாரிலும் திருவல்லிக்கேணியிலும் கேட்டுப் பார்த்தேன், கடைக்காரர்கள் கணினியில் தட்டிவிட்டு இல்லை என்றார்கள். பெசன்ட் நகரில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்தில் இருக்கும், கனம் கிருஷ்ணையரிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.