சோகையில் மண்ணின் பங்கு

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலை பாலாற்றைக் கடந்ததும் கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கொள்ளேகால் பக்கம் இறங்கினால் கரும்பு வயல்கள். கொங்கு நாட்டில் நாம் சோகை என்பதை அங்கே கன்னடத்தில் ரவதி என்கிறார்கள். பெயர் மாறினாலும் அதன் கதி மாறுவதில்லை. வெட்டு முடிந்ததும் பெரும்பாலும் தீ வைத்துவிடுகிறார்கள். கட்டைக் கரும்புக்கு விரைந்து நீர் பாய்ச்ச வேண்டும், சோகையை வாரி ஒதுக்க ஆள் கிடைப்பதில்லை, கூலியும் கட்டுப்படியாவதில்லை. உழவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

அந்தத் தீயை வயலிலிருந்து கொதிகலனுக்கு மாற்றுவதே என் ஆய்வுப் பொருள். காய்ந்த சோகையை வரிசையாகக் கூட்டி, பேலர் இயந்திரத்தால் இறுக்கிக் கட்டினால் லாரியில் ஏற்றலாம். ஆலையிலிருந்து வரும் சக்கையில் ஏறத்தாழப் பாதி நீர். காய்ந்த சோகையில் ஈரம் மிகக் குறைவு என்பதால், எடைக்கு எடை வெப்பம் கூடுதல். அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 விழுக்காடு உயிர்த்திரள் எரிபொருளைக் கலக்க வேண்டும் என்று ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை வகுத்தபின், இத்தகைய கழிவுகளின் மதிப்பும் உயர்ந்துள்ளது. இடர்களும் உண்டு. கட்டோடு மண் சேர்ந்து வரும். சோகையிலுள்ள பொட்டாசியமும் குளோரினும் கொதிகலன் குழாய்களில் படிந்து அரிக்கும். இவற்றுக்குத் தொழில்நுட்பத்தில் விடை தேட முடியும்.

தேட முடியாத இடத்தில் ஒரு கேள்வி வந்தது. களப்பணியின்போது ஒரு மூதாட்டி, "சோகைய நீங்க கட்டிட்டுப் போயிருவீங்க கண்ணு, மண்ணு எதைத் திங்கும்?" என்றார்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 10 டன் காய்ந்த சோகை கிடைக்கும். அதில் தழைச்சத்து 0.4 விழுக்காடு என்று கொண்டால் 40 கிலோ. அதாவது 45 கிலோ யூரியா மூட்டை இரண்டுக்கு நிகர். அது உடனே பயிருக்குக் கிட்டாது, மெல்ல மட்கியே சேரும். ஆயினும் கரிமச்சத்தும் ஈரக்காப்பும் களைத்தடுப்பும் எந்த மூட்டையிலும் வருவதில்லை. எரித்தால் தழைச்சத்தும் கரிமமும் காற்றோடு போய், சாம்பலாவது வயலில் மிஞ்சும். முழுவதையும் கட்டி எடுத்தால் அதுவும் மிஞ்சாது.

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலம், அறுவடைக்கு முன் கரும்பை எரிப்பதைப் படிப்படியாக ஒழிக்க 2002இல் சட்டம் இயற்றியது. தீ ஓய்ந்த வயல்களில் எழுந்ததும் இதே கேள்விதான்: எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விடவேண்டும்?

ஆகவே நம் ஆய்வேடுகள் "கிடைக்கும் சோகை" என்று எழுதும் எண்ணிலிருந்து மண்ணின் பங்கை முதலில் கழிக்க வேண்டும். ஒரு சாலில் எடுத்து மறு சாலில் போர்த்தலாம். கொதிகலன் சாம்பலை வயலுக்கே திருப்பலாம். கட்டின் விலையில் இழந்த உரத்தின் விலையையும் சேர்க்கலாம். உழவர் கழிவென்று எரிப்பதை நாம் எரிபொருள் என்கிறோம். மண்ணுக்கோ அது உணவு. மூன்றையும் ஒரே கணக்கில் எழுதும் ஆய்வே அந்த மூதாட்டிக்கு விடை சொல்லும்.