துணி நகரும் கணக்கு

திங்கள்

வீட்டு எம்ப்ராய்டரி மெஷினில் ஊசி ஒரே இடத்தில் நின்று மேலும் கீழும் குத்துகிறது. நகர்வது, துணியை விறைப்பாகப் பிடித்திருக்கும் சட்டமான ஹூப்தான். அதைப் பிடித்திருக்கும் கையை இரண்டு மோட்டார்கள் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் இழுக்கின்றன. பென்டிரைவில் போகும் கோப்பிலும் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த குத்து எவ்வளவு தள்ளி விழ வேண்டும், எங்கே நூல் மாற்ற வேண்டும், எங்கே அறுக்க வேண்டும் என்ற வரிசைதான். ஹூப்பில் இருப்பது பட்டா பனியன் துணியா என்பது மெஷினுக்குத் தெரியாது. ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் இழுத்துச் சுருக்குகிறது என்பதும் தெரியாது. அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கில் எடுப்பது, கோப்பை உருவாக்கும் மென்பொருளை இயக்குபவரின் பொறுப்பு. டிசைன்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து வைப்பதைவிட இந்த ஒரு கணக்கு பிடிபடுவதுதான் மெஷினுக்குக் கொடுத்த காசை மீட்டுத் தரும்.

இந்த வார வேலை இரண்டு: பட்டு ரவிக்கையின் கையில் ஜரி மாங்காய், பருத்தி டவலில் ஒரு தமிழ்ப் பெயர். ஹூப் 130 × 180 மி.மீ.

செவ்வாய்

வட்டச் சோதனை. 30 மி.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை வரைந்து, குறுக்குவாட்டுத் தையலால் நிரப்பச் சொல்லி, பழைய பருத்தித் துணியில் ஓட்டிப் பார்ப்பது. திரையில் கச்சிதமான வட்டம். துணியில் விழுவது முட்டை வடிவம். தையல் ஓடும் திசையில் நூல் இருபுறமும் துணியை உள்ளே இழுப்பதால் அகலம் குறைகிறது. வரிசைகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதால் உயரம் சற்றுக் கூடுகிறது. வட்டத்தைச் சுற்றித் தனியாக ஓட்டிய கரைக்கோட்டுக்கும் நிரப்பலுக்கும் நடுவே பிறைபோல வெறும் துணி தெரிகிறது. கடையில் வாங்கிய டிசைனில் பூவிதழின் ஓரம் விலகி நிற்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். பழி மட்டும் எப்போதும் மெஷின்மேல் விழுகிறது.

மருந்து மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது, இழுப்பு ஈடு. வடிவத்தைத் தையல் திசையில் இருபுறமும் சிறிது நீட்டிக்கொள்ளும் இந்த அமைப்பு கெட்டியான பருத்திக்கு 0.2 மி.மீ., இழுபடும் பின்னல் துணிக்கு 0.4 மி.மீ. என்ற அளவில் தொடங்கலாம். இரண்டாவது, அடித்தையல். மேல் நிரப்பலுக்குக் குறுக்கே முதலில் ஓடும் இந்தத் தளர்ந்த தையல், துணியை அதன் அடியில் தாங்கலாக வைக்கும் ஸ்டெபிலைசரோடு கட்டிப்போடுகிறது. தையல் எண்ணிக்கையைக் குறைக்க இதை நீக்குவது கெட்ட சிக்கனம். மூன்றாவது ஸ்டெபிலைசரே. இழுபடும் துணிக்கு வெட்டி எடுக்கும் வகை, கெட்டித் துணிக்குக் கிழித்து எடுக்கும் வகை, தடம் தெரியக் கூடாத இடத்துக்குத் தண்ணீரில் கரையும் வகை.

புதன்

மென்பொருளில் இரு வகைக் கோப்புகள் உண்டு. ‘இது ஒரு இதழ், இந்தக் கோணத்தில், இந்த அடர்த்தியில் நிரப்பு’ என்று வடிவமாகச் சேமிப்பது ஒன்று. அதிலிருந்து பிறந்த குத்துகளின் பட்டியல் மற்றொன்று. பிரதர் மெஷின்களுக்கான பி.இ.எஸ்., ஜனோமேக்கான ஜே.இ.எஃப்., தஜிமாவின் டி.எஸ்.டி. ஆகியவை இரண்டாம் வகை. டி.எஸ்.டி.யில் நூல் மாற்றும் இடம் இருக்கும், நிறம் இருக்காது. திரையில் மயில் கண்ட நிறத்தில் வந்தால் பயப்பட வேண்டியதில்லை.

குத்துப் பட்டியலை மெஷின் திரையிலேயே சுருக்கும்போதுதான் ஆபத்து. பல மெஷின்கள் குத்துகளின் எண்ணிக்கையை மாற்றுவதில்லை. 100 மி.மீ. டிசைனை 80 மி.மீ. ஆக்கினால் பரப்பு 64 சதவீதமாகக் குறைகிறது. அதே குத்துகள் அதற்குள் அடைபட, அடர்த்தி ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. துணி அட்டைபோல விறைக்கும், ஊசி உடையும். பத்து சதவீதத்துக்கு மேல் அளவு மாற்றுவதென்றால் மூல வடிவக் கோப்பில் மாற்றி, குத்துகளைப் புதிதாகக் கணக்கிடச் செய்வதே சரி. காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு இங்க்ஸ்கேப்பில் இயங்கும் இங்க்/ஸ்டிச் என்ற இலவசக் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. வீட்டுத் தேவைக்கு அது தாராளம்.

படத்தைக் கொடுத்தால் தானாகவே டிசைனாக மாற்றும் வசதி விளம்பரத்தில் முன்னால் நிற்பது, வேலையில் பின்னால் நிற்க வேண்டியது. நிழலையும் மங்கலையும் தனி நிறமாக எண்ணி, நூறு துண்டுகளாக உடைத்துத் தரும். கையால் வரைந்த எளிய வடிவம் எப்போதும் நன்றாகத் தைக்கும்.

வியாழன்

ஊசி 75/11, நூல் 40 எண் பாலியெஸ்டர், பாபினில் மெல்லிய வெள்ளை நூல். இந்த நூலுக்கு வரிசை இடைவெளி 0.4 மி.மீ. வாக்கில் போதும்; அளக்கும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் மாறும் என்பதால் முதலில் ஒட்டுத்துணியில் பார்க்க வேண்டும். டென்ஷன் சரியா என்பதைப் பின்பக்கம் காட்டும். சாட்டின் தையல் பட்டையின் நடுவில் மூன்றிலொரு பங்கு பாபின் நூல் தெரிந்தால் சரி.

வெள்ளி

பட்டு. கையை வெட்டிவிட்டு ஹூப்பில் மாட்டப் போனால் ஓரம் பிடிபடாது. கையின் வடிவை முழுத் துணியில் வரைந்து, வேலை முடிந்த பிறகே வெட்ட வேண்டும். பட்டை ஹூப்பில் இறுக்கினால் தடம் பதியும். அதனால் ஸ்டெபிலைசரை மட்டும் மத்தளம்போல இறுக்கி மாட்டி, பட்டை அதன்மேல் பரப்பி, மென்பொருளிலேயே ஒரு செவ்வக ஓட்டுத்தையல் சேர்த்து இரண்டையும் பிணைப்பது நல்லது. அந்தச் செவ்வகம் மாங்காய்களுக்கு வெளியே, பின்னால் வெட்டுப்படும் பகுதியில் விழ வேண்டும். பட்டில் ஊசித் துளை மறையாது; பிரித்துத் தைப்பது என்ற பேச்சே கிடையாது.

கையைச் சுற்றி வரும் வரிசை 180 மி.மீ.யைத் தாண்டுவதால் இரண்டு முறை மாட்ட வேண்டியிருக்கிறது. மென்பொருளிலிருந்து டிசைனை உண்மையான அளவில் தாளில் அச்சடித்து, நடுக்கோடுகள் தெரிய வெட்டி, துணியில் வைத்துக் குறித்துக்கொண்டால் இரண்டாம் பகுதி முதலாவதோடு பொருந்தும். அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தாளும் சுருங்கிப் பொய் சொல்லும்.

ஜரி நூலுக்குக் கண் பெரிய 90/14 ஊசி, தளர்ந்த மேல் டென்ஷன், நிமிடத்துக்கு 400 தையல் என்ற நிதானம். நூல்கண்டை மெஷினிலிருந்து தள்ளி வைத்தால் முறுக்கு அவிழ்ந்து வரும். 12,000 தையல் கொண்ட மாங்காய் வரிசைக்கு இந்த வேகத்தில் அரை மணி நேரம். நூல் அறும் நேரம் தனி. நடுவில் கரண்ட் போனால் ஹூப்பைக் கழற்றவே கூடாது. நின்ற இடத்தின் எண்ணைத் திரையில் பிடித்து, சில தையல்கள் பின்னால் போய்த் தொடர்ந்தால் ஒட்டு தெரியாது.

சனி

டவலில் பெயர். மென்பொருளோடு வரும் தயார் எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே. கணினியிலுள்ள தமிழ் எழுத்துருவைத் தையலாக்கும் வசதி இருந்தாலும், சில மென்பொருள்கள் ‘கொ’வின் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிடும். இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, எழுத்து சரியாகச் சேர்ந்திருப்பதைப் பார்த்து, அதைப் பாதையாக மாற்றியபின் தையல் கொடுப்பது நம்பகமான வழி.

ஆங்கிலப் பெரிய எழுத்தை 6 மி.மீ. உயரத்திலும் படிக்கலாம். தமிழுக்கு அது ஆகாது. ‘ண’வின் சுழிகளும் ‘இ’யின் உள்வளைவும் நூல் பருமனில் அடைபட்டுப் போகும். டவலில் 15 மி.மீ.க்குக் குறையாமல், கோட்டின் பருமன் எங்கும் ஒரே சீராக இருக்கும் எழுத்துருவே நல்லது. இழுப்பு ஈட்டைக் கூட்டினால் சுழியின் துளை சிறுக்கும் என்பதால் இங்கே அதை அளந்து வைக்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியை அந்தந்த எழுத்தோடு சேர்த்தே தைக்கும்படி வரிசைப்படுத்தலாம். எல்லாப் புள்ளிகளையும் கடைசிக்கு விட்டால், அதற்குள் துணி நகர்ந்து, புள்ளி எழுத்தின் தலையைவிட்டு ஓரமாக இறங்கியிருக்கும்.

டவலின் நூல்வளையங்கள் எழுத்துக்கு நடுவே எட்டிப் பார்க்காமலிருக்க, மேலே தண்ணீரில் கரையும் மெல்லிய ஃபிலிம் ஒன்று விரிக்க வேண்டும். தைத்தபின் பெரிய துண்டுகளைக் கிழித்து, மிச்சத்தை நனைத்தால் போயிற்று.

ஞாயிறு

ஊசித் தட்டைக் கழற்றினால் அடியில் டவலின் பஞ்சு திரண்டு கிடக்கும். வாயால் ஊதக் கூடாது, உள்ளே போகும். பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிடலாம். ரவிக்கைக் கையைக் குப்புறப் போட்டு மெல்லிய துணி மூடி இஸ்திரி போட்டால் ஜரி நசுங்காது.

ஒட்டுத்துணியில் ஓட்டிய வட்டத்தின் பக்கத்திலேயே துணி, ஸ்டெபிலைசர், அடர்த்தி, இழுப்பு ஈடு ஆகியவற்றைப் பேனாவால் எழுதி, கோப்பின் பெயரையும் சேர்த்துக் குறித்து, மெஷின் பெட்டியில் போட்டு வைப்பது. அடுத்த பட்டுத் துணி வரும்போது எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தத் துண்டைத்தான்.